பெரும்பாக்கம் யாரோட பொறுப்பு?

சென்னையில வீடு இல்லாதவங்கள பத்தி பேச ஆரம்பிச்சாலே உடனே ஒருத்தர் வந்து "அதான் கவர்மெண்ட்ல கட்டிக் குடுத்திருக்காங்களே, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு, இன்னும் என்ன வேணுமாம் இவங்களுக்கு"ன்னு கேட்டுடறாங்க. டீக்கடையில கேட்டிருக்கேன், ஆபிஸ் கேன்டீன்ல கேட்டிருக்கேன், எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குரூப்ல அப்பப்போ வந்துட்டே இருக்கும். நான் இருக்கறது மேடவாக்கத்துல, மொட்டை மாடிக்கு போனா பெரும்பாக்கம் போர்டு வீடுங்க, அதாவது குடிசை மாற்று வாரியம் கட்டினது, வரிசையா தெரியும், எட்டு மாடி, ஒரே மாதிரி பிளாக்குங்க. அங்க இருக்கற ஜனங்களோட தினமும் பழகறவன்ங்கறதால இந்த கேள்விக்கு என்னால முடிஞ்ச அளவு பதில் எழுதணும்னு தோணுச்சு. சட்டுனு சொல்லணும்னா, ஆத்தோரக் குடிசைங்கள்ல இருந்து ஆளைக் கிளப்பி பெரும்பாக்கத்துக்கு அனுப்பினது ஒருத்தர், வீடு கட்டினது இன்னொருத்தர், இப்போ அவங்க குடியிருக்கற மண்ணு மூணாவது ஒருத்தரோட எல்லைக்குள்ள, இந்த மூணு பேரும் பொறுப்பையும் காசையும் பங்கு போட்டுக்கற மாதிரி முறையான ஏற்பாடு ஒண்ணும் நம்ம ஊர்ல இல்ல. வீடு கட்டறதுல இருக்கற அக்கறை அதுக்கு அப்புறம் எங்க போகுதுன்னு தேடினா இங்கதான் வந்து நிக்குது.

கொஞ்சம் பழைய கதைய சொல்லிடறேன். குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சது 1970ல, "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்"னு அவங்க கட்டடத்துல எழுதியிருக்கறத நிறைய பேர் பாத்திருப்பீங்க. அடுத்த வருஷமே தனிச் சட்டம் வந்துச்சு. அந்த சட்டப்படி குடிசைப்பகுதிய முறையா அறிவிக்கணும், அறிவிச்சா அங்க தண்ணி, கக்கூஸ், தெருவிளக்குன்னு வசதி பண்ணித் தரணும், முடியலன்னா இடிச்சிட்டு புதுசா கட்டித் தரணும். ஆரம்பத்துல பெரும்பாலும் இருந்த இடத்துலயேதான் கட்டினாங்க, நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பக்கம் கடலோரமா இருந்த பழைய போர்டு வீடெல்லாம் அப்படி வந்ததுதான், மீன் பிடிக்கறவன் கடலை விட்டு எங்கயும் போகல. 1977ல இருந்து உலக வங்கி கடன்ல இன்னொரு முயற்சி பண்ணாங்க, அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர்ல மனையா பிரிச்சு குடுத்தது. சின்ன மனை ஏழைக்கு, பெரிய மனை வசதி உள்ளவங்களுக்கு, கொஞ்சம் கடைக்குன்னு கலந்து போட்டு, பெரிய மனைல வந்த காச வெச்சு சின்ன மனை விலைய குறைச்சாங்க. இன்னைக்கு அந்தத் தெருவுல நடந்து போனா எது ஏழை மனை எது பணக்கார மனைன்னு பிரிச்சு சொல்ல முடியாது, சாதாரண ஏரியாவா ஆகிப்போச்சு. நம்ம ஊர்லயே, நம்ம ஆளுங்களே செஞ்சு காட்டினது இது, எனக்கு இதுல ரொம்ப பெருமை உண்டு.

ஆனா அந்த சட்டத்துப்படி அறிவிக்கறது அப்படியே நின்னு போச்சு. 1971ல 1,202 பகுதிய அறிவிச்சாங்க, 1985ல இன்னும் 17, அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு ஒண்ணுமே இல்ல. ஊர் மட்டும் வளந்துட்டே இருந்துச்சு, 2011 கணக்கெடுப்புல சென்னையில குடிசைப்பகுதி ஜனத்தொகை 13 லட்சத்துக்கு மேல. அறிவிக்கப்படாத இடத்துல இருக்கறவங்களுக்கு சட்டத்தோட பாதுகாப்பு இல்ல, "ஆக்கிரமிப்பு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடலாம்.

2000ல கண்ணகி நகர் வந்துச்சு. சிட்டிக்குள்ள நிலம் விலை ஏறிப்போச்சு, பாலம், பறக்கும் ரயில், ஆத்தோரத்த சுத்தம் பண்றதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஆளக் காலி பண்ண வேண்டியிருந்துச்சு, ஒரே இடத்துல ஆயிரக்கணக்குல வீடு கட்டற அளவுக்கு நிலம் பழைய மகாபலிபுரம் ரோட்டுப் பக்கம்தான் கிடைச்சுது. முதல்ல கட்டின வீடுங்க 200 சதுர அடிகூட கிடையாது. இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். அப்போ சென்னை மாநகராட்சி மொத்தம் 174 சதுர கிலோமீட்டர்தான், கண்ணகி நகர் இருந்தது ஒக்கியம் துரைப்பாக்கம் ஊராட்சியில, காஞ்சிபுரம் மாவட்டம். அதாவது சென்னையோட ஏழைங்கள சென்னை தூக்கி இன்னொரு மாவட்டத்து கிராம ஊராட்சி கையில குடுத்துச்சு. பதினோரு வருஷம் கழிச்சு 2011ல மாநகராட்சிய 426 சதுர கிலோமீட்டரா விரிவாக்கினப்போ கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் உள்ள வந்துச்சு, சரி, இனிமேலாவது சிட்டிக்காரங்களா இருப்பாங்கன்னு பாத்தா, அடுத்த பெரிய குடியேற்றத்த எல்லைக்கு வெளிய இருக்கற பெரும்பாக்கத்துல போட்டாங்க. எல்லைய ஒரு தடவை தள்ளிப் போட்டோம், ஜனங்களையும் அதுக்கு அந்தப் பக்கமா தள்ளிப் போட்டுட்டோம். பெரும்பாக்கத்துல மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேல வீடு. இது ஒரு சின்ன டவுன், சில மாவட்டத் தலைநகர்ல ஒரே இடத்துல இத்தனை குடும்பத்த பாக்க முடியாது. குடியேற்றம் நடந்த அந்த வருஷங்கள்ல எல்லாம் அது ஊராட்சிதான், சாதாரணமா ஒரு ஊராட்சியில எத்தனை தூய்மைப் பணியாளர், எத்தனை வண்டி, எவ்வளவு வருமானம் இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

காசு விஷயத்துல இன்னொரு கொடுமை இருக்கு, இத யாரும் பேசறதில்ல. உள்ளாட்சிக்கு வர்ற நிதிக்குழு மானியம் பெரும்பாலும் ஜனத்தொகைய வெச்சு பிரிக்கறது. எந்த ஜனத்தொகை? 2011 கணக்கெடுப்பு. பெரும்பாக்கத்துக்கு ஆளுங்க வந்தது அதுக்கப்புறம். 2021ல எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த வருஷம் நடக்கல, தள்ளிப் போச்சு. அப்போ இந்த ஆயிரக்கணக்கான குடும்பமும் காகிதத்துல இன்னும் சிந்தாதிரிப்பேட்டையிலயும் சைதாப்பேட்டையிலயும்தான் இருக்காங்க, அவங்க பேர்ல வர்ற பங்கு ஒரு பக்கம் போகுது, அவங்க போடற குப்பைய அள்ள வேண்டியது இன்னொரு பக்கம். ஆளோட காசும் கூடவே போகணும்ங்கறது அவ்வளவு கஷ்டமான சிந்தனையா? ஸ்கூல் மாத்தும்போது டி.சி. கூடவே போகுது, ரேஷன் கார்டு கூட மாத்திக்கலாம், இதுக்கு மட்டும் வழி இல்ல.

எங்க பில்டிங்ல சமையல் வேலைக்கு வர்ற அக்கா ஒருத்தங்க பெரும்பாக்கத்துல இருந்துதான் வராங்க, பேர் வேண்டாம். கூவத்துக் கரையில, சிந்தாதிரிப்பேட்டை பக்கம் பொறந்து வளந்தவங்க, கல்யாணம் ஆகி அங்கயே இருந்தவங்க. கூவம் சீரமைப்பு திட்டத்துல காலி பண்ணவேண்டிய குடும்பங்கள்னு 14 ஆயிரத்துக்கும் மேல கணக்கெடுத்தாங்க இல்ல, அதுல இவங்க குடும்பமும் ஒண்ணு. கணக்கெடுக்க வந்தவங்க வீட்டு வாசல்ல நம்பர் எழுதிட்டு போனாங்களாம், அப்புறம் டோக்கன் குடுத்தாங்களாம், அப்புறம் ஒரு நாள் லாரி வந்து நின்னுச்சாம். ஸ்கூல் நடந்துட்டு இருக்கும்போது, வருஷத்துக்கு நடுவுல. பெரிய பையன் அப்போ பத்தாவது. "பையன் பரிச்சை முடிக்கட்டும்னு கால்ல வுளுந்தேன் தம்பி, லாரி திரும்பிப் போவாதுன்னுட்டாங்க"ன்னு சொன்னாங்க. அந்தப் பையன் விடியக்காலைல ரெண்டு பஸ் மாறி பழைய ஸ்கூலுக்கே போயி பரிச்சை எழுதினான், பாஸும் பண்ணான், அதுக்கு மேல படிக்கல.

வேலை விஷயமும் அதே மாதிரி. "அங்க இருந்தப்போ காலைல நாலு வூடு முடிச்சிட்டு பத்து மணிக்கெல்லாம் வூட்டுக்கு வந்து சோறாக்கிடுவேன், இங்க இருந்து போறதுக்கே பத்து மணி ஆயிடுது"ம்பாங்க. கொஞ்ச காலம் அப்படியே போயிட்டு வந்து பாத்தாங்க. சென்ட்ரல் பக்கத்துல இருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர், டிராஃபிக்ல ஒண்ணரை மணி நேரத்துக்கு குறையாது, ரெண்டு வேளை வேலைன்னா ஒரு நாள் முழுக்க பஸ்லயே போயிடும். 2021ல பொம்பளைங்களுக்கு சாதாரண பஸ் இலவசம்னு வந்தது இவங்களுக்கெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம்னு கார்ல போறவங்களுக்கு புரியாது, அக்கா அந்த திட்டத்த பத்தி பேசும்போது அவங்க மூஞ்சிய பாக்கணும். ஆனா காசு மிச்சமானா நேரம் மிச்சமாகறதில்ல. கடைசியில பழைய வீடுங்கள எல்லாம் விட்டுட்டு மேடவாக்கம் பக்கம் வேலை தேடிக்கிட்டாங்க, பெரும்பாக்கம்னு அட்ரஸ் சொன்னதும் முதல் ரெண்டு மூணு இடத்துல வேண்டாம்னுட்டாங்களாம். கண்ணகி நகர்ப் பசங்களுக்கு இண்டர்வியூல நடக்கறதும் இதேதான், பல வருஷமா கேட்டுட்டே இருக்கோம். 2025ல ஆசிய இளையோர் விளையாட்டுல கபடி தங்கம் வாங்கிட்டு வந்த கார்த்திகா கண்ணகி நகர்ப் பொண்ணு, ஊரே கொண்டாடுச்சு, நானும் கண்ணு கலங்கித்தான் பாத்தேன். அந்தப் பொண்ணு படிக்கற வயசுல இருக்கற மத்த பசங்களுக்கு அட்ரஸ் ஒரு பாரமா இருக்கக் கூடாது.

இருக்கற வீட்டையும் கொஞ்சம் கிட்ட பாத்துடுங்க. அக்கா வீடு ஏழாவது மாடி. ஒரு ஹால், ஒரு ரூம், சின்ன கிச்சன், பாத்ரூம் உள்ளயே இருக்கு, சுவர் பெயிண்ட் பண்ணி ஜம்முனு வெச்சிருக்காங்க, ஜன்னல்ல காத்து நல்லா வருது. "வூடு நல்ல வூடு தம்பி, பொய் சொல்லக் கூடாது, மழை பேஞ்சா ஒழுவாது, பாம்பு வராது"ன்னு அவங்களே சொல்றாங்க. இத நான் வேணும்னேதான் எழுதறேன், ஏன்னா அந்த வீடே தப்புன்னு நான் சொல்ல வரல. லிஃப்ட் நின்னுபோனா தண்ணிக் குடத்தோட ஏழு மாடி ஏறணும், அக்காவோட மாமியார் வாரக் கணக்குல கீழ இறங்காமலே இருந்திருக்காங்க. லிஃப்ட் இருக்கற பிளாக்குக்கு மாசம் 750 ரூபா பராமரிப்பு, கூவத்துக் கரையில இல்லாத செலவு அது, வருமானம் குறைஞ்ச நேரத்துல வந்த செலவு. சாக்கடை அடைச்சு படிக்கட்டு கிட்ட தேங்கினா யார்கிட்ட சொல்றதுன்னு ஒரு தடவை நானே அவங்களுக்காக போன் பண்ணேன், ஒரு ஆபிஸ்ல கேட்டா பைப்பு பிளாக்குக்கு உள்ளயா வெளியயான்னு கேக்கறாங்க, வெளியன்னா அடுத்த ஆபிஸாம், அடுத்த ஆபிஸ்ல அந்த ரோடு இன்னும் எங்ககிட்ட ஒப்படைக்கலன்னு சொல்றாங்க, கடைசில பிளாக் ஜனங்களே ஆளுக்கு கொஞ்சம் போட்டு வண்டி வரவழைச்சாங்க. இதுல தனித்தனியா யாரையும் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, போன் எடுத்த எல்லாரும் மரியாதையாத்தான் பேசினாங்க, அவங்கவங்க எல்லை அவங்கவங்களுக்கு அங்க முடிஞ்சு போகுது.

2015 டிசம்பர் வெள்ளத்த மறந்திருக்க மாட்டீங்க. அடையாறு கரையில இருந்தவங்கள்ல நிறைய பேர "வெள்ளத்துல இருந்து காப்பாத்தறோம்"னு கொண்டு வந்து குடிவெச்சது இந்த பெரும்பாக்கத்துலதான், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு பக்கத்துல. அதே வெள்ளத்துல பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் தண்ணில நின்னுச்சு, அதுக்கப்புறம் வந்த பெருமழைங்கள்லயும் அந்தப் பக்கம் ரோடெல்லாம் முழங்கால் தண்ணிதான். ஆத்த ஒரு அமைப்பு பாக்குது, சதுப்பு நிலத்த இன்னொண்ணு பாக்குது, வீட்ட மூணாவது ஒண்ணு பாக்குது, மழைத்தண்ணிக்கு இதெல்லாம் தெரியாது.

இப்போ அக்காவோட தம்பிய பத்தி சொல்லணும், எனக்கு இந்த விஷயம் முழுசா புரிஞ்சதே அவர் மூலமாத்தான். அவர் மீன்பாடி வண்டி, அதாவது மூணு சக்கர சரக்கு வண்டி ஓட்டறவர், மண்ணடியில இரும்புக் கடைங்களுக்கு லோடு அடிக்கறவர். அவருக்கும் அலாட்மெண்ட் ஆர்டர் இருக்கு, பெரும்பாக்கத்துல அவர் பேர்ல வீடு இருக்கு, பொண்டாட்டி புள்ளைங்க அங்கதான். ஆனா திங்கள்ல இருந்து சனி வரைக்கும் அவர் தூங்கறது பாரிமுனையில, கடை மூடின பிறகு கடை வாசல்ல, வண்டியோட சங்கிலிய கால்ல கட்டிக்கிட்டு. ஏன்னா லோடு விடியக்காலைல வரும், வண்டிய அவ்வளவு தூரம் ஓட்டிட்டு போக முடியாது, விட்டுட்டு போனா காலைல வண்டி இருக்காது. ஞாயித்துக்கிழமை மட்டும் வீட்டுக்கு வராரு. இப்போ சொல்லுங்க, இவர் வீடு உள்ளவரா வீடு இல்லாதவரா? பெரும்பாக்கத்துக் கணக்குல இவர் பயனாளி, பிரச்சினை தீந்த ஆள். ராத்திரி பாரிமுனையில கணக்கெடுத்தா நடைபாதைவாசி. ரெண்டு கணக்கும் எங்கயும் சேர்றதில்ல. வால்டாக்ஸ் ரோடு பக்கம் மூணு தலைமுறையா பிளாட்பாரத்துலயே இருக்கற குடும்பங்க இருக்கு, அவங்களுக்கும் தூரத்துல வீடு குடுக்கறோம்னா போகத் தயங்கறதுக்கு இதுதான் காரணம், வேலை இருக்கற இடத்த விட்டுப் போனா சோறு இல்ல.

காப்பகம் இருக்கே, அங்க போய் படுக்கலாமேன்னு கேட்டேன். சென்னையில மாநகராட்சி காப்பகங்க நிறையவே இருக்கு, தொண்டு நிறுவனங்கள வெச்சு நடத்தறாங்க, ஆஸ்பத்திரி வளாகத்துல நோயாளியோட கூட வந்தவங்க தங்கறதுக்குக்கூட வெச்சிருக்காங்க, நான் பாத்த வரைக்கும் அதுல வேலை செய்யறவங்க உண்மையான அக்கறையோட இருக்காங்க. 2010ல உச்ச நீதிமன்றம் ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு காப்பகம் வேணும், வருஷம் பூரா, 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு சொன்னதுக்கு அப்புறம் நாடு முழுக்க இது வேகம் எடுத்துச்சு, 2013ல மத்திய அரசு திட்டமும் வந்துச்சு. ஆனா மீன்பாடி வண்டிய எங்க நிறுத்தறது? அதான் அவரோட ஒரே கேள்வி. அவர்கிட்ட இருக்கற மொத்த சொத்தே அந்த வண்டி. அதோட அந்த மத்திய அரசு திட்டம் நகர்ப்புறத்துக்குன்னு போட்டது, ஊராட்சிப் பகுதிக்கு வரல. 2023 கடைசில கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு திறந்தாச்சு, தெக்க போற பஸ் எல்லாம் அங்கதான், மாநகராட்சி எல்லைக்கு வெளிய. பஸ் ஸ்டாண்டு எங்க போகுதோ அங்க மூட்டை தூக்கறவங்க, வேலை தேடி ராத்திரி வந்து இறங்கறவங்க, வீட்ட விட்டு வந்தவங்க எல்லாரும் போவாங்க, கோயம்பேட்டுல இத்தனை வருஷம் பாத்தோமே. அவங்களுக்கு படுக்க இடம் யார் பாக்கணும்ங்கறத எல்லைக்கோட்ட வெச்சு முடிவு பண்ண முடியாது.

என் கூட காலேஜ்ல படிச்சவன் ஒருத்தன் அமெரிக்காவுல ரெட்மண்ட்ல இருக்கான், சியாட்டிலுக்கு ஏரிக்கு அந்தப் பக்கம், நம்ம ஐ.டி. ஆளுங்க நிறைய இருக்கற ஏரியா. அவன்கிட்ட இதெல்லாம் புலம்பிட்டு இருந்தப்போ அவங்க ஊர் ஏற்பாட்ட சொன்னான், அப்புறம் நானும் தேடிப் படிச்சேன். 1992ல பெல்வியூ, கிர்க்லாண்ட், ரெட்மண்ட், அப்புறம் கிங் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), இந்த நாலும் சேந்து வீட்டுவசதிக்குன்னு ஆர்ச்ங்கற ஒரு பொது அமைப்ப ஆரம்பிச்சாங்க, இப்போ அதுல 15 ஊர் இருக்கு, பில் கேட்ஸ் வீடு இருக்கற மெடினாங்கற குட்டி ஊர் உட்பட. ஒவ்வொரு ஊரும் ஒரு பொது நிதியில காசு போடுது, கட்டற வீடு எந்த ஊர்ல வந்தாலும் எல்லார் காசும் அதுல இருக்கும், ஆளும் நிபுணர்களும் பொது, சின்ன ஊர் தனியா ஒரு ஹவுசிங் ஆபிஸ் வெச்சு மாரடிக்க வேண்டியதில்ல. கென்மோர்ங்கற ஊர்ல வீடில்லாம இருந்தவங்களுக்காக 100 வீடு கட்டறதா இருந்தாங்க, 2024 ஜனவரில அந்த ஊர் கவுன்சில் கடைசி நேரத்துல மாட்டேன்னுடுச்சு. எதிர்ப்பு அங்கயும் நம்ம ஊர் மாதிரிதான். ஆனா காசும் திட்டமும் பொதுவா இருந்ததால அடுத்த மாசமே ரெட்மண்ட் நாங்க எடுத்துக்கறோம்னு டவுனுக்கு நடுவுல இடம் குடுத்துச்சு. அங்க எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன், கிங் கவுண்டில 2024ல வீடில்லாதவங்க எண்ணிக்கை 16 ஆயிரத்துக்கு மேல, வாடகை அநியாயம், சியாட்டிலும் கவுண்டியும் சேந்து 2019ல முடிவு பண்ணி உருவாக்கின பொது ஆணையம் தலைமை மாறி மாறி தடுமாறிட்டு இருக்கு. இருந்தாலும் ஒரு ஊர் கதவ சாத்தினா அந்த 100 பேரோட கதை அங்கயே முடிஞ்சிடல பாருங்க, எனக்கு அது ரொம்ப பெரிய விஷயமா பட்டுச்சு.

நமக்கு இது புதுசும் இல்ல. சென்னையில பஸ், ரயில், மெட்ரோ எல்லாத்தையும் சேத்து யோசிக்கறதுக்கு கும்டான்னு ஒரு ஆணையம் இருக்கு, 2010ல சட்டம் போட்டு பத்து வருஷத்துக்கு மேல தூங்கி இப்போதான் வேலை செய்யுது, செய்யுது இல்ல? சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதான் சி.எம்.டி.ஏ., அதோட எல்லைய 2022ல 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904 சதுர கிலோமீட்டரா ஆக்கியாச்சு, அரக்கோணம் வரைக்கும் உள்ள வந்தாச்சு, மூணாவது மாஸ்டர் பிளான் வேலை நடக்குது. ரெண்டாவது மாஸ்டர் பிளான்லயே 10,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கற பெரிய லே அவுட்ல 10 சதவீதம் இடத்த நலிவடைஞ்சவங்களுக்கு ஒதுக்கணும்னு இருக்கு. பெரிய கட்டடத்துக்கு ஷெல்டர் ஃபீன்னு ஒரு கட்டணமும் வாங்கறாங்க. அப்போ நிலத்துக்கும் ஒரு விதி இருக்கு, காசுக்கும் ஒரு வழி இருக்கு, எல்லைக்கும் ஒரு ஆபிஸ் இருக்கு. இதையெல்லாம் ஒண்ணா சேத்து, நாலஞ்சு மாவட்டத்துல இருக்கற எல்லா மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சியும் உக்காந்து யார் எவ்வளவு வீடு எங்க கட்டறது, ஆளோட எவ்வளவு காசு போகும்னு முடிவு பண்ற இடம்தான் வேணும். ஐ.டி. கம்பெனிங்க வரி கட்டற உள்ளாட்சி ஒரு பக்கம், அதே கம்பெனிய ராத்திரி கூட்டிப் பெருக்கறவங்க குடியிருக்கற ஊராட்சி இன்னொரு பக்கம்னு இருந்தா அது என்னைக்கும் சரியா வராது.

ஒரே இடத்துல 20 ஆயிரம் வீடுங்கறத இனிமே யாரும் நினைச்சுக்கூட பாக்கக் கூடாதுன்னு நான் நினைக்கறேன். 50 வீடு, 100 வீடுன்னு வேலை இருக்கற இடத்துக்கு பக்கத்துல, சிட்டிக்குள்ள காலியா கிடக்கற சின்னச் சின்ன அரசு நிலத்துல கட்டினா போதும், வில்லிவாக்கத்துல அன்னைக்கு கலந்த மாதிரி கலந்துடும். செலவு ஜாஸ்தி ஆகும்தான், ஒத்துக்கறேன், ஆனா தூரத்துல கட்டினதுக்கு அப்புறம் போடற பஸ், ஸ்கூல், ஆஸ்பத்திரி, பாதியில நின்ன படிப்பு, இதையெல்லாம் யாரும் கணக்குல சேக்கறதில்லங்கறதால அது சீப்பா தெரியுது. பாரிமுனை பக்கத்துல வண்டி நிறுத்த இடத்தோட ஒரு தொழிலாளர் விடுதி கட்டினா அக்காவோட தம்பி மாதிரி எத்தனையோ பேர் வாடகை குடுத்தே தங்குவாங்க, நான் கேட்டே பாத்துட்டேன், "ஓசில வேணாம், வண்டிக்கு ஒரு சங்கிலி போட இடம் இருந்தா போதும்"னாரு.

மெட்ரோ இப்போ மேடவாக்கம் வழியா சோழிங்கநல்லூர் போகப் போகுது, வேலை நடந்துட்டே இருக்கு. அது வந்தா பெரும்பாக்கத்து ஜனங்களுக்கு பெரிய நிம்மதி, ஆனா அதுக்குள்ள வாடகை ஏறி, போர்டு வீட்டுக்குள்ளயே வாடகைக்கு இருக்கறவங்கள கிளப்பி விட்டுடுவாங்களோன்னு அக்காவுக்கு இப்பவே பயம். இத பத்தியும் இப்பவே பேசியாகணும், திறப்பு விழாவுக்கு அப்புறம் பேசி பிரயோஜனமில்ல.

எங்க அபார்ட்மெண்ட் சங்கத்துல இதையெல்லாம் போன மீட்டிங்ல எடுத்து வெச்சேன். எதிர்ப்பு இருந்துச்சு, "அவங்க பிரச்சினைய நாம ஏன் இழுத்துப் போட்டுக்கணும்"னு ஒருத்தர் கேட்டாரு, சத்தமாவே பேசிக்கிட்டோம். அப்புறம் வயசான ஒரு மாமி எந்திரிச்சு, நம்ம பில்டிங்ல வேலை செய்யற அத்தனை பேரும் அங்க இருந்துதானே வராங்க, மழை பேஞ்சு அந்த ரோடு மூழ்கினா நம்ம வீட்டுலயும்தானே அடுப்பு எரியலன்னாங்க. கடைசில ஒரு கடிதம் எழுத சம்மதிச்சாங்க. பெரும்பாக்கம் பிளாக் கமிட்டில இருக்கற ரெண்டு பொம்பளைங்களும் எங்க செகரெட்டரியும் சேந்து உக்காந்துதான் எழுதினோம். காலி பண்ண வெச்சு குடியேத்தற ஒவ்வொரு குடும்பத்துக்கும் பராமரிப்புக்காசு அந்த ஊர் உள்ளாட்சிக்கு வருஷா வருஷம் வரணும், ஸ்கூல் வருஷத்துக்கு நடுவுல யாரையும் கிளப்பக் கூடாது, விடியக்காலை நாலரைக்கு பாரிமுனைக்கு நேரடி பஸ் வேணும், மாஸ்டர் பிளான்ல வீட்டுவசதிக்குன்னு எல்லா உள்ளாட்சியும் சேந்த ஒரு பொதுக் குழு வேணும். இவ்வளவுதான் கடிதம். மாஸ்டர் பிளானுக்கு கருத்துக் கேட்பு கூட்டம் வெக்கும்போது மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், சோழிங்கநல்லூர், வேளச்சேரி பக்கம் இருக்கற சங்கங்க எல்லாம் எங்க கூட வந்தா நல்லா இருக்கும். கூட்டத்த வேலை நாள் காலைல பதினோரு மணிக்கு வெச்சா பெரும்பாக்கத்துல இருந்து யாரும் வர முடியாது, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கத்துலயே ஒரு ஸ்கூல்ல வைங்கன்னும் கேட்டிருக்கோம்.